சத்தம் பிடிக்கிற டெல்மர்

மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே, கைபேசி எடுக்காத ஒரு பள்ளத்தாக்கில், டெல்மர் ஷினாபெரி இருபத்தொன்பது வருஷமாக ஒரே வேலையைத்தான் பார்த்து வந்தார். அக்கம்பக்கத்துச் சமையலறைகளை வேவு பார்ப்பது. அந்த வேலைக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வண்டிக் கதவில் எழுத ஆரம்பித்தால் பின்சக்கரத்தைத் தாண்டிப் போகும் என்பதால் யாரும் எழுதவில்லை. ஊர் வைத்த பெயர் 'சத்தம் பிடிக்கிறவர்'.

இது காதில் விழுகிற சத்தம் இல்லை. பள்ளத்தாக்கின் நட்டநடுவில் வானத்தைப் பார்த்தபடி பெரிய வெள்ளைத் தட்டு ஒன்று நிற்கிறது. இரண்டு ஏக்கர் பரப்பு. விண்வெளியிலிருந்து வருகிற ரேடியோ அலைகளைக் கேட்பதற்கென்று கட்டிய காது அது. மூன்று மைல் தள்ளி யாராவது முழங்காலுக்கு மின்சார ஒத்தடம் கொடுத்தால்கூட அந்தக் காதுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதனால் பள்ளத்தாக்கில் வைஃபை கூடாது, மைக்ரோவேவ் கூடாது. தட்டுக்குப் பக்கத்தில் டீசல் வண்டிதான் போகலாம், பெட்ரோல் வண்டி கூடாது. இதையெல்லாம் மீறுகிறவர்களைத் தேடிப் போய், நயமாகப் பேசி, சாமானைப் பிடுங்கிக்கொண்டு வருவது டெல்மரின் உத்தியோகம். அதற்காகக் கூரைமேல் ஆறு ஆன்டெனா நட்ட வண்டி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் பிடித்தது சொந்த அப்பாவை. ஈரப்புல் உரசிய மின்வேலி, நொடிக்கு ஒரு தரம் சொடுக்கிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் மூன்று பேர் அதைப் புது நட்சத்திரம் என்று முடிவுகட்டி கேக் வெட்டிவிட்டார்கள். பாதி கேக் உள்ளே போன நேரத்தில் டெல்மர் கதவைத் தட்டி, "மன்னிக்கணும், அது எங்கப்பா," என்றார். அப்பா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. விஞ்ஞானிகள் அதற்கும் மேல்.

அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டார். மூட்டுவலிக்கார நாய்க்குப் போட்ட சூட்டு மெத்தை. ஆள் நடந்தால் பாட்டுப் பாடுகிற, சுவரில் மாட்டும் பொம்மை மீன். ஒருமுறை பதினோரு நாள் ஓயாமல் இடம் மாறிய ஒரு மர்ம ஒலியைப் பின்தொடர்ந்து போனால், அது வனத்துறை ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட கரடி. சர்ச்சுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் நயமாகப் பேச முடியவில்லை.

பள்ளத்தாக்கில் யாரையும் கையும் களவுமாகப் பிடிப்பது லேசில்லை. வண்டி முதல் வீட்டைத் தாண்டியதுமே அந்த வீட்டம்மா கம்பித் தொலைபேசியில் அடுத்த வீட்டைக் கூப்பிடுவாள், அவள் அதற்கடுத்த வீட்டை. டெல்மர் மூன்றாவது வீட்டுக்கு வரும்போது எல்லா ஜன்னலிலும் ஒன்றும் அறியாத முகங்கள் இருக்கும், வாசலில் அவருக்காக 'ஆப்பிள் பை' என்கிற பலகாரம் சூடாக இருக்கும். அதனால் அவர் ரோட்டின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து வண்டியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வரப் பழகினார். ஊரும் அதற்கேற்றாற்போல் தொலைபேசியைக் கடைசியிலிருந்து சுற்ற ஆரம்பித்தது. இந்தப் போராட்டத்தில் ஜெயித்தவர் யாரும் இல்லை. டெல்மரின் இடுப்பு மட்டும் நாலு அங்குலம் பெருத்தது.

இத்தனை வருஷத்தில் அவருக்குள் ஒரு கொள்கை ஊறிப்போயிருந்தது. வானத்திலிருந்து ஒன்றும் வராது. வருவதெல்லாம் யாராவது ஒருத்தருடைய சமையலறையிலிருந்துதான். பதினோரு கண்டுபிடிப்புகளை அவர் கையால் கொன்றிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பெரிய தொலைநோக்கி ஒன்றை வருஷக்கணக்கில் குழப்பிய மர்ம ஒலிகள், கடைசியில் மைக்ரோவேவ் நிற்குமுன் யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்ததால் வந்தவை என்று தெரிந்த செய்தியை, வண்டியில் மற்றவர்கள் ஏசு படம் ஒட்டுகிற இடத்தில் ஒட்டியிருந்தார்.

அந்த வருஷம் ஜூலையில் எஸ்தர் லிண்ட்க்விஸ்ட் என்ற இளம் விஞ்ஞானி அவருடைய கொட்டகைக்கு வந்தாள். மினசோட்டாக்காரி, ஒல்லி, தூக்கம் கெட்ட கண். கையில் ஒரு காகிதம்.

"மிஸ்டர் ஷினாபெரி, உங்க கையெழுத்து வேணும்."

"எதுக்கு டாக்டரம்மா?"

"பூமியில இதுக்குக் காரணம் எதுவும் இல்லைன்னு. ஏப்ரல்லேர்ந்து ஒன்பது வெடிப்பு கேட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரந்தான். ஆனா சூரியன் மூணு நாள் கொட்டுறதை அதுக்குள்ள கொட்டிட்டுப் போயிடுது."

"பலே. யாரு வீட்டுலேர்ந்து?"

"முன்னூறு கோடி ஒளியாண்டு தள்ளி."

டெல்மர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனுஷன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சொல்லுங்கள் என்றார். தூரம் எப்படித் தெரியும் என்று அவள் விளக்கினாள். மேல்சுருதி முதலில் வந்து சேரும், கீழ்ச்சுருதி பின்தங்கி வரும். வெட்டவெளியில் மிதக்கிற மின்துகள்கள் அதைப் பிடித்து இழுக்கின்றன. மேய்ச்சலிலிருந்து கொட்டிலுக்குத் திரும்புகிற மாடுகளில் ஒல்லி மாடு முன்னாலும் குண்டு மாடு பின்னாலும் வருகிற மாதிரி. பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவு இடைவெளி விழும்.

"ஆஸ்திரேலியாவுலயும் மாடு அப்படித்தான் வந்துச்சு," என்றார் டெல்மர். "கடைசியில பார்த்தா யாரோ சாப்பாடு சூடு பண்ணியிருக்காங்க. சரி, உங்களுது எங்கேர்ந்து கிளம்புதுன்னு நினைக்கிறீங்க?"

"செத்துப்போன ஒரு நட்சத்திரம். மொத்தமே ஒரு ஊர் அகலந்தான் இருக்கும், ஆனா சூரியனை விடக் கனம். பயங்கரமான காந்தம். அதோட தோல் எப்பவாவது வெடிக்கும். அப்படின்னு நினைக்கிறோம். நிச்சயமா யாருக்கும் தெரியாது."

"செத்தது எப்படிம்மா சத்தம் போடும்?"

எஸ்தர் களைத்துப்போய்ப் பார்த்தாள். "வேற தொலைநோக்கியில சரிபார்க்கலாம்னா வரிசையில நின்னு ஆறு மாசம் ஆகும். அடுத்த மாசம் மாநாட்டுல நான் பேசணும். உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. கையெழுத்துப் போடுங்க, இல்லைன்னா இப்பவே கிழிச்சுப் போடுங்க. கேக் வெட்டினப்புறம் மட்டும் வராதீங்க."

தேதியும் மணியும் எழுதிய பட்டியலை வைத்துவிட்டுப் போனாள். வழக்கம்போல் டெல்மர் தன் சட்டைப்பை நோட்டை எடுத்தார். எந்த நாள் எந்த வீட்டருகே இருந்தார் என்று நிமிஷக் கணக்காகக் குறித்து வைத்திருப்பார். முதல் வெடிப்பு, ஒரு வியாழக்கிழமை மாலை ஆறே முக்கால். நோட்டில் ஒற்றை எழுத்து: 'லி'. இரண்டாவது, இன்னொரு வியாழன், ஆறு பத்து. 'லி'. ஒன்பதையும் பார்த்து முடித்து நோட்டை மூடினார். ஒன்பதும் வியாழன், ஒன்பதும் 'லி'.

'லி' என்றால் லியோட்டா ஹெவனர். டெல்மரோடு ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவள். கணவன் கிளைட் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஊர் விருந்தெல்லாம் நடக்கிற தீயணைப்பு மன்றத்தின் சமையலறைக்கு அவள்தான் ராணி. இரண்டு வருஷமாக வியாழக்கிழமைகளில் டெல்மர் அவள் வீட்டில்தான் சாப்பிட்டு வந்தார், பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும். அம்பத்தெட்டு வயதில், ஒரு தரமும் கல்யாணம் ஆகாமல், அவர் இருபது முறையாவது ஒரு கேள்வியை வாய் வரை கொண்டுவந்து ரொட்டியோடு சேர்த்து விழுங்கியிருந்தார்.

லியோட்டாவின் சமையலறை மேடையில், பாத்திரம் துடைக்கிற துண்டால் மூடிய ஒரு பெட்டி இருந்தது. லியோட்டா ரொட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியதும் டெல்மர் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கோழிகளைப் பார்ப்பார். பின்னால் ஒரு ரீங்காரம் கேட்கும். 'டிங்' என்ற மணி மட்டும் கேட்காது. அவளுக்குப் பொறுமை கிடையாது, நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிடுவாள். இரண்டு வருஷத்தில் டெல்மர் அந்தக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குப் பார்த்துவிட்டார். பள்ளத்தாக்கில் அவர் ஆன்டெனாவைத் திருப்பாத வீடு அது ஒன்றுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏப்ரலிலிருந்து அவர் சாப்பிட வருகிற நேரம் வாராவாரம் அரைமணி முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மாலை ஆறரைக்கு வந்தவர் மே கடைசியில் மூன்றரைக்கு வந்தார், ஜூலை நடுவில் பகல் பன்னிரண்டுக்கு. தட்டு நிற்கிற வளாகத்தின் வாயிற்கதவில் ஒட்டுகிற அறிவிப்பு அப்படி. வியாழனில் இன்ன மணியிலிருந்து இரண்டு மணிநேரம் எந்த வண்டியும் உள்ளே இருக்கக் கூடாது, போன நேரத்தைப் பிறகு இருந்து ஈடுகட்ட வேண்டும் என்று. ஏன் என்று அவர் கேட்டதில்லை. வெளியே துரத்தினால் நேரே லியோட்டா வீடு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வெடிப்புகளும் அதே மாதிரி வாராவாரம் அரைமணி முன்னால் நகர்ந்திருந்தன. அவர் வந்ததும் லியோட்டா ரொட்டியைச் சூடாக்குகிறாள், சூடாக்கியதும் பிரபஞ்சம் வெடிக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டால் அது பொய். அந்தப் பெண் மாநாட்டில் போய் ஒரு மக்காச்சோள ரொட்டியை முன்னூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் நிறுத்திவிட்டு, ஆயுளுக்கும் தலைகுனிந்து நிற்பாள். உண்மையைச் சொன்னால் லியோட்டா போய்விடுவாள். பன்னிரண்டாவது கண்டுபிடிப்பைக் கொல்வது அவருக்குப் பழக்கப்பட்ட காரியம். ஆனால் இந்த முறை கூடவே சாகப்போவது அவருடைய வியாழக்கிழமை. இதை நினைத்து அவர் வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

நாலாம் நாள் அழைக்காமலே லியோட்டா வீட்டுக்குப் போனார். தீயணைப்புத் தலைவர் ஹார்லன், லியோட்டாவின் அண்ணன், மேஜையில் உட்கார்ந்து பெப்பரோனி ரோல் தின்றுகொண்டிருந்தார்.

"வாய்யா மாப்ளே!" ஹார்லன் டெல்மரை இரண்டு வருஷமாக இப்படித்தான் கூப்பிடுகிறார். "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அரைமணி முந்தி வருவேன்னு பார்த்தா ரெண்டு நாள் முந்தியே வந்துட்டியா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். லியோட்டாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு வீட்டுக்கு வந்தால் அது உத்தியோகம்.

"லியோட்டா, அந்தத் துண்டுக்குக் கீழே என்ன இருக்குன்னு நான் கேக்கணும்."

"ரெண்டு வருஷம் கழிச்சா?"

"ஆமா."

"என்ன இருக்குன்னு தெரியாமத்தான் அந்தக் கோழிகளை அப்படிப் பார்த்தியோ?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பட்டியல், நோட்டு, ஒன்பது வியாழன், செத்த நட்சத்திரம். சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. லியோட்டா துண்டை எடுத்தாள். கீழே பழைய, மஞ்சளேறிய, சின்ன மைக்ரோவேவ்.

"கிளைட் படுக்கையில கிடந்தப்ப வாங்கினது. ராத்திரி எந்நேரமும் ஒரு வாய் சூப்பு கேப்பாரு. விறகடுப்பைப் பத்த வச்சு, சுட வைக்கிறதுக்குள்ள தூங்கிப் போயிடுவாரு. அதான் வாங்கினேன். அவர் போனப்புறம் தூக்கிப்போட மனசு வரல." குரல் நடுங்கவில்லை. அதுதான் டெல்மருக்குப் பயமாக இருந்தது. "நீ எனக்காக வர்றேன்னு நினைச்சேன். மோப்பம் பிடிக்கத்தான் வந்திருக்க."

"இல்ல லியோட்டா, சத்தியமா..."

"உலகத்துல எத்தனை அடுப்பு இருக்கு! வானத்துல வெடிச்சதுக்கு என் அடுப்புதான் கிடைச்சுதா?"

ஹார்லன் ரோலைத் தட்டில் வைத்தார். "மிஸ்டர் ஷினாபெரி," என்றார். 'மாப்ளே' போய்விட்டது. "என் தங்கச்சி ஒரு நட்சத்திர மண்டலத்தையே வெடிக்க வச்சுட்டான்னு சொல்றீங்களா?"

"வெடிக்க வைக்கலை. வெடிச்ச மாதிரி காட்டியிருக்கலாம்னு..."

"சரி, ஊர் முன்னால வச்சுப் பார்த்துடுவோம்," என்றாள் லியோட்டா. "இந்த வியாழக்கிழமை இதைத் தீயணைப்பு மன்றத்துல நடு ஹால்ல வைக்கிறேன், ஒயரைப் பிடுங்கி. அந்த டாக்டர் பொண்ணு கேக்கட்டும். சத்தம் வந்தா நான் நிரபராதி. வரலைன்னா அடுப்பையும் எடுத்துக்கோ, என்னையும் ஜெயில்ல போடு. அதுவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதே."

அன்று சாயங்காலத்துக்குள் தொலைபேசி இரண்டு திசையிலும் சுற்றி முடித்தது. மறுநாளிலிருந்து எந்த வாசலிலும் ஆப்பிள் பை இல்லை.

வியாழன் காலை பதினொன்றரைக்கு மொத்தப் பள்ளத்தாக்கும் தீயணைப்பு மன்றத்தில் கூடியது. லியோட்டாவின் மேல் துளி சந்தேகமும் விழக்கூடாதென்று, ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். மன்றத்திலும் விளக்கில்லை. கேள்விப்படாத பொருளெல்லாம் தாமாகவே முன்வந்து மேஜையில் ஏறியது. டெல்மர் பதினாறு வருஷமாகத் தேடிய ஒரு கம்பியில்லா வாசல் மணி, பிடிபட்ட மீனுக்குத் தம்பியான இன்னொரு பாட்டு மீன், குழந்தைக்குப் பேசிக் காட்டுகிற ஒரு பொம்மை ஆமை. நடுவில் வெள்ளை விரிப்பின்மேல் மைக்ரோவேவ். அதன் ஒயர் தனியாக ஒரு தட்டில். பக்கத்து நாற்காலியில் ஹார்லன், மடியில் தோட்டா போடாத மான் துப்பாக்கியோடு.

"எதுக்குய்யா துப்பாக்கி?" என்று சர்ச் பாஸ்டர் கேட்டார்.

"காவலுக்கு."

"யார்கிட்டேர்ந்து?"

ஹார்லன் யோசித்தார். "அது இன்னும் தெரியல."

சத்தம் வந்தால் மன்றத்துத் தொலைபேசியில் கூப்பிடுவதாக எஸ்தர் சொல்லியிருந்தாள். முந்தின நாளே டெல்மர் அவளிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார், துண்டுக்குக் கீழே இருந்ததை இரண்டு வருஷம் பார்க்காமல் இருந்தது உட்பட. அவள் கேட்டு முடித்துவிட்டு, "கோழியா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மணிநேரம் எல்லாரும் ஆறிப்போன ஹாம் இறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். பொழுது போக வேண்டுமே, வெடிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செத்த நட்சத்திரம் என்பதை யாரும் ஏற்கவில்லை. இரண்டு நட்சத்திரம் மோதுகிறது என்றார் ஒருவர். ஒரு தரம் மோதினால் சரி, ஒன்பது தரம் எப்படி மோதும் என்று மடக்கினார் இன்னொருவர். தன் மாமியார் செத்தும் சத்தம் ஓயவில்லை, அதனால் டாக்டரம்மா சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றார் ஹார்லன். கடைசியில் தபால்காரம்மா சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்தது. அங்கேயும் ஒரு பொம்பளை இருக்கிறாள். அவளுக்கும் பொறுமை இல்லை. மணியடிக்கிறதற்கு முன்னால் கதவைத் திறந்துவிடுகிறாள்.

தொலைபேசி அடிக்கவில்லை.

ஒன்றரைக்கு எல்லாரும் எழுந்தார்கள். வெளியே போகிறபோது ஒவ்வொருவரும் மைக்ரோவேவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வியாழன் பதினொன்றுக்கு மறுபடி கூடினார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி ஓடினார்கள். அன்றும் ஒன்றுமில்லை. ஒயரைப் பிடுங்கினதும் வானம் ஊமையாகிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. லியோட்டா ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெல்மர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சந்தோஷமா?" என்றாள் தலை நிமிராமல்.

இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கொள்கை ஜெயிப்பது அவருக்கு வேப்பெண்ணெயாகக் கசந்தது. வெடிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, நாலு வாரம் தொடர்ந்து வராமலும் இருந்திருக்கிறது என்று எஸ்தர் சொன்னாள். அதை ஊரில் யாரிடம் சொல்வது? ஊருக்குத் தெரிந்ததெல்லாம் மேஜைமேல் இருக்கிற ஒரு பெட்டி.

மூன்றாவது வியாழன், காலை பத்தரை. டெல்மரால் உள்ளே உட்கார முடியவில்லை. மன்றத்தின் பின்வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். இத்தனை காலமும் அவர் பார்த்ததெல்லாம் கூரைகள், கம்பங்கள், வேலிகள். வானத்தை வேலைக்காக ஒரு தரமும் பார்த்ததில்லை. அங்கே ஒன்றுமில்லை. ஆகஸ்ட் மாத வெயில், ஒரு பருந்து, அவ்வளவுதான். எங்கேயோ இருக்கிற செத்த நட்சத்திரத்தைப் பார்த்து, "வெடி," என்றார். "தயவுபண்ணி வெடிச்சுத் தொலை. நீ இல்லைன்னு நான் சொன்னதெல்லாம் தப்புன்னு ஒத்துக்கிறேன்."

அவருக்கு நன்றாகத் தெரியும், அது இப்போது வெடித்தால் வந்து சேர முன்னூறு கோடி வருஷம் ஆகும். வர வேண்டியது எப்போதோ புறப்பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டார்.

பதினொன்று ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

ஹார்லன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தார். பாஸ்டரும் பாய்ந்தார். எடுத்தது லியோட்டா. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரைத் தூக்கிப் பிடித்தாள். எஸ்தரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"மூணு! வரிசையா மூணு! அதே இடம், அதே தூரம்!"

தொப்பிகள் பறந்தன. பாட்டு மீனுக்கு யாரோ பேட்டரி போட்டுவிட்டார்கள், அது தன் பங்குக்குப் பாட ஆரம்பித்தது. டெல்மர் ஓடிப்போய் முதலில் அதன் பேட்டரியைப் பிடுங்கினார். பழக்கதோஷம். பிறகுதான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

லியோட்டா ரிசீவரை விடவில்லை. "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லுங்க. அப்ப ஏன் அது இந்த ஆள் என் வீட்டுக்கு வர்றப்ப மட்டும் வந்துச்சு?"

"எனக்கு வியாழக்கிழமை மட்டுந்தான் தொலைநோக்கி கொடுப்பாங்க," என்றது குரல். "அந்த நட்சத்திரம் உச்சிக்கு வர்ற நேரத்துல. அது வாராவாரம் அரைமணி முந்திடும், எல்லா நட்சத்திரமும் அப்படித்தான். நான் கேக்க ஆரம்பிச்சதும் வளாகத்துல இருக்கிற வண்டியெல்லாம் வெளியே துரத்திடுவாங்க. அவரையும் சேர்த்து."

ஹால் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. வெடிப்பு எந்நேரமும் வந்துகொண்டிருக்கலாம். கேட்கிறவர்கள் கேட்கிற நேரத்தில்தான் டெல்மருக்கு ரொட்டி.

"அப்ப சாயங்காலம் சாப்பிட வந்துட்டிருந்த மனுஷனைக் காலைப் பலகாரத்துக்குத் துரத்திவிட்டது நீங்கதானா!" என்றாள் லியோட்டா. "நான் இவருக்கு ஏதோ வியாதின்னு நினைச்சேன்."

டெல்மர் காகிதத்தை எடுத்து மேஜைமேல், உருளைக்கிழங்கு சாலடுக்கும் மைக்ரோவேவுக்கும் நடுவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பூமியில் காரணம் எதுவும் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ஹார்லன் அவர் முதுகில் ஓங்கி அறைந்து, "மாப்ளே!" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். டெல்மர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், தொப்பியைக் கழற்றினார்.

"லியோட்டா. அது வானத்தை வெடிக்க வைக்கலை. ஆனா அது மைக்ரோவேவ். நான் எடுத்துட்டுப் போகணும்."

கைதட்டல் நின்றது. "அடப்பாவி," என்றார் ஹார்லன் மெதுவாக.

"கிளைடோடதுன்னு தெரியும். ரெண்டு வருஷம் பார்க்காம இருந்தது என் தப்பு. அதை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். உன் வீட்டை விட்டுட்டு மத்த வீட்டுல மட்டும் பிடுங்கினா நான் என்ன மனுஷன்?" தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார். "நீ இனிமே என்கிட்டப் பேசலைன்னாலும் சரி."

ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரிசீவருக்குள் எஸ்தரும்.

"என் ரொட்டி இந்த மாவட்டத்துலயே நல்ல ரொட்டின்னு வாராவாரம் சொல்லுவியே," என்றாள் லியோட்டா. "முகஸ்துதிக்குச் சொல்றேன்னே நினைச்சுட்டிருந்தேன்."

"இல்லையே. நிஜமாத்தான் சொன்னேன்."

"இப்ப நம்புறேன்." அவள் மைக்ரோவேவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "தூக்கு. பழைய சாமான், கனம். முதுகைப் பார்த்துக்கோ."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வண்டியின் பின்னால் வைத்தார்கள். லியோட்டா அதன் கதவைத் திறந்து பார்த்தாள், உள்ளே விரலால் ஒரு தரம் தடவினாள், சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெல்மர் வாயைத் திறந்தார். இந்த முறை விழுங்க ரொட்டி இல்லை.

"லியோட்டா, என்னைக் கல்யாணம் பண்ணிக்குவியா?"

"பாஸ்டர் இன்னும் ஹாம் தின்னு முடிக்கல," என்றாள் அவள். "அவர் கிளம்பறதுக்குள்ள போய்த் தேதி கேளு."

டெல்மர் வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே ஓடினார்.